கை நடுங்கினால் ஊசி பிடிக்கும் தகுதி போய்விடுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. வில்லிவாக்கத்தில் வசிக்கிறேன். தனியார் அக்குபங்சர் கல்லூரி ஒன்றில் பட்டயப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். எல்லாப் பாடங்களையும் சேர்த்து ஒரே வாரத்தில் நடத்துகிற முழுமைத் தேர்வு இன்னும் ஆறு வாரங்களில் வருகிறது. எழுத்துத் தேர்வு, உடலில் புள்ளியைக் காட்டி ஊசி போடும் செய்முறைத் தேர்வு, வைவா எனும் வாய்மொழித் தேர்வு என்று மூன்று பகுதிகள். சென்ற மாதம் நடந்த மாதிரித் தேர்வில், தோழி ஒருத்தியின் முதுகில் யூ.பி.23 (சிறுநீர்ப்பை நாளத்தின் 23-ஆவது புள்ளி) எங்கே என்று காட்டச் சொன்னார்கள். பலமுறை படித்த புள்ளிதான். ஆனால் அந்த நேரத்தில் ஒன்றுமே தோன்றவில்லை. என் கை நடுங்கியதைத் தேர்வாளரும் பார்த்துவிட்டார். அன்று முதல் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. படபடப்பு, வயிற்றைப் பிசைவது, புத்தகத்தைத் திறந்தாலே அழுகை. பசியும் குறைந்துவிட்டது, காபியில்தான் நாள் ஓடுகிறது. "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை" என்கிறார் கணவர். தேர்வுக்கு முன் நம் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டால் பதற்றம் அடங்கும் என்கிறாள் ஒரு தோழி. இன்னொருத்தி ஏதோ மாத்திரையின் பெயரைச் சொல்கிறாள். 361 புள்ளிகளை எப்படி நினைவில் வைப்பது? நடுக்கத்தை எப்படி நிறுத்துவது? எல்லாவற்றுக்கும் மேலாக, தன் மனத்தையே அமைதிப்படுத்த முடியாத ஒருத்தி நாளைக்கு இன்னொருவர் உடம்பில் ஊசி போடலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடைசியாகக் கேட்ட கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் மற்ற எல்லா வேதனைகளுக்கும் அடியில் கிடப்பது அதுதான் என்று நினைக்கிறேன். தாராளமாகப் போடலாம். நான் மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். மாணவர்கள், செவிலியர் மாணவிகள், சித்த மருத்துவ மாணவர்கள் என்று பலரும் தேர்வுக் காலத்தில் இதே கேள்வியோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். பிறரைக் குணப்படுத்தப் படிக்கிறவர்கள், தங்களுக்கு ஒரு பயம் வந்தால் அதைத் தங்கள் தொழிலுக்கே வந்த இழுக்காக எடுத்துக்கொள்கிறார்கள். பொறியியல் மாணவருக்குத் தேர்வுப் பயம் மட்டும்தான் இருக்கும். உங்களுக்கோ பயமும் அதைப் பற்றிய வெட்கமும் சேர்ந்து இரட்டைச் சுமையாகிவிடுகின்றன. இதில் வெட்கத்தை இறக்கி வைத்துவிடலாம். மீதியுள்ள பயத்திலும் ஒரு பகுதியை நீங்கள் இழக்கவே கூடாது என்பேன். ஊசி எந்தத் திசையில், எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வைக்கிற தயக்கம், நோயாளியின் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை. தோள்பட்டையிலுள்ள ஜி.பி.21 போன்ற இடங்களில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலின் உறை துளைபட்டு, மார்பறைக்குள் காற்று புகுந்துவிடக்கூடும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நினைத்துச் சற்றும் தயங்காத கையைவிடத் தயங்குகிற கையை நான் நம்புவேன். தேர்வாளரின் பார்வைக்கு அஞ்சுவது வேறு சங்கதி. குறைக்க வேண்டியது அதைத்தான்.

அன்று மாதிரித் தேர்வில் நடந்ததைப் புரிந்துகொண்டால் பாதி பாரம் இறங்கும். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின் சுரக்கிறது; இதயம் வேகமாகத் துடிக்கிறது, விரல்கள் நடுங்குகின்றன, உள்ளங்கை வியர்க்கிறது. கூடவே சுரக்கும் கார்ட்டிசால், நினைவில் ஏற்கெனவே பதிந்திருப்பதை வெளியே எடுக்கும் வேலையைத் தற்காலிகமாகத் தடுக்கிறது. படித்தது அழிந்துபோவதில்லை, அதை எடுக்கும் வழி மட்டும் சிறிது நேரம் அடைபடுகிறது. தேர்வு அறையை விட்டு வெளியே வந்து, ரயில்வே பிளாட்பாரத்தில் நிற்கும்போது விடை தானாக வந்து நிற்பது இதனால்தான். உங்களுக்கும் அப்படி வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் பதற்றத்தின் மேல் மட்டும் பழி போட்டுவிட எனக்கு மனமில்லை. உங்கள் பாடத்தின் அமைப்பை எடுத்துப் பார்த்தால் வேறொரு காரணமும் தெரிகிறது. 361 புள்ளிகளும், உடலில் சக்தி ஓடும் பாதைகள் என்று உங்கள் முறை சொல்லும் பன்னிரண்டு சக்திநாளங்களிலும், உடலின் நடுக்கோட்டில் முன்னும் பின்னும் ஓடும் இரண்டு நாளங்களிலும் பிரிந்து கிடக்கின்றன. பாடப் புத்தகங்கள் பொதுவாக நுரையீரல் நாளத்தில் தொடங்குகின்றன. அதில் 11 புள்ளிகள். அடுத்து பெருங்குடலில் 20, இரைப்பையில் 45, மண்ணீரலில் 21, இதயத்தில் 9, சிறுகுடலில் 19. ஏழாவதாகத்தான் சிறுநீர்ப்பை நாளம் வருகிறது. எல்லாவற்றிலும் நீளமான அதில் 67 புள்ளிகள். படிப்பை விட்டு மறுபடி தொடங்கும் ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்தே தொடங்குவது நம்மில் பலருடைய பழக்கம். அப்படிச் செய்தால் நுரையீரலின் 11 புள்ளிகள் கல்லில் எழுத்தாகிவிடும். சிறுநீர்ப்பைக்கு வரும்போது கண் சொருகும், அல்லது குக்கர் விசிலடிக்கும். நீங்கள் தடுமாறிய யூ.பி.23 அந்த ஏழாவது நாளத்தில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே இந்த ஆறு வாரங்களில் வரிசையைக் கலைத்துவிடுங்கள். சிறுநீர்ப்பை நாளமும் 44 புள்ளிகள் உள்ள பித்தப்பை நாளமும் சேர்ந்து 111 புள்ளிகள். மொத்தத்தில் முப்பது சதவீதம் இந்த இரண்டிலேயே அடங்கிவிடுகிறது. மூளை தெளிவாக இருக்கும் காலை நேரத்தை இவற்றுக்குக் கொடுங்கள். நுரையீரலையும் இதயத்தையும் பஸ்ஸில் போகும்போது சொல்லிப் பார்த்தால் போதும்.

அடுத்தது படிக்கும் முறை. "பலமுறை படித்த புள்ளி" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தீர்கள், ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு, ஒருவருடைய உடம்பில் எத்தனை முறை தேடிக் கண்டுபிடித்தீர்கள்? 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னணியில் இருந்தார்கள். வாசித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்களை முந்திவிட்டார்கள். திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் நாம் தேர்வு அறைக்குள் போகிறோம். மார்கழி மாதத்தில் புள்ளிக் கோலம் போட்டுப் பழகியவர் நீங்கள் என்றால், கோலப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கோலம் கைக்கு வராது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் தேர்வும் விரலிடமும் வாயிடமும் கேட்கிற தேர்வு. கண்ணால் மட்டும் படித்ததை அங்கே கேட்டால் திகைப்பு வரத்தான் செய்யும்.

யூ.பி.23-ஐயே எடுத்துக்கொள்வோம். "இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பின் கீழ், நடுக்கோட்டிலிருந்து 1.5 சுன்" (ஒரு சுன் என்பது நோயாளியின் கட்டை விரலின் அகலம்) என்று வாய்ப்பாடாக வைத்திருந்தால், பதற்றத்தில் ஒரு சொல் நழுவினாலும் முழு வாக்கியமும் நழுவிவிடும். அதையே ஒரு வழித்தடமாக வைத்துக்கொள்ளுங்கள். தோழியின் இடுப்பின் இரு பக்கமும் கையை வைத்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொடுங்கள். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கோடு ஏறத்தாழ நான்காவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் போகும். அங்கிருந்து இரண்டு எலும்பு மேலே எண்ணினால் இரண்டாவது. தோள்பட்டை எலும்பின் உள்விளிம்புக்கும் முதுகின் நடுக்கோட்டுக்கும் இடையே 3 சுன். அதில் பாதியைப் பக்கவாட்டில் அளந்தால் புள்ளி வந்துவிடும். மேல் முதுகுக்கும் இதேபோல் ஓர் அடையாளம் இருக்கிறது. கைகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரின் தோள்பட்டை எலும்பின் கீழ் முனை ஏழாவது மார்பு முள்ளெலும்பின் மட்டத்துக்கு வரும், உதரவிதானத்துக்குரிய யூ.பி.17 அந்த வரிசையில்தான் இருக்கிறது. இந்த இரண்டு அடையாளங்களும் கையில் இருந்தால், முதுகில் நாளத்தின் எந்த இடத்தையும் மேலேயோ கீழேயோ எண்ணிப் பிடித்துவிடலாம். மனப்பாடம் கைவிட்டாலும் எலும்பு இருந்த இடத்தில்தான் இருக்கும். சுன் அளவு எடுக்கும்போது உங்கள் கட்டை விரலின் அகலம் கணக்கில் வராது, எதிரே இருப்பவருடைய விரல்தான் கணக்கு என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்; ஆனாலும் பதற்றத்தில் முதலில் தவறுவது அதுதான் என்பதால் அதையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

வாய்விட்டுச் சொல்வதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வைவாவிலும் செய்முறையிலும் மனம் வெறுமையாகிவிட்டால் மௌனமாக நிற்பதுதான் பதற்றத்தை வளர்க்கிறது. "முதலில் இடுப்பெலும்பின் விளிம்பைத் தேடுகிறேன், அதிலிருந்து மேலே எண்ணுகிறேன்" என்று செய்வதைச் சொல்லத் தொடங்கினால் அடுத்த படி தானாகப் பின்தொடரும். தேர்வாளரும் நீங்கள் யோசிக்கும் முறையைக் காது கொடுத்துக் கேட்பார். இதை வாரம் இரண்டு முறையாவது இரண்டு மூன்று தோழிகளோடு உட்கார்ந்து பழகுங்கள். ஒருத்தி படுத்துக்கொள்ளட்டும், ஒருத்தி கடிகாரத்தோடு தேர்வாளராக இருக்கட்டும். சிரிக்காமல், உதவாமல், முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொள்ளட்டும். பார்க்கப்படுவதன் பயம், பார்க்கப்பட்டுப் பழகினால்தான் குறையும். முதல் இரண்டு தடவை மோசமாகத்தான் இருக்கும், அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊசியை வைத்தே பழகுவதாக இருந்தால் கல்லூரியில் ஆசிரியர் முன்னிலையில் மட்டும் செய்யுங்கள். வீட்டில் பேனாவால் புள்ளி வைத்தால் போதும். பசியோடும் தூக்கமில்லாமலும் இருக்கும் உடம்பில், அதிலும் உட்கார்ந்த நிலையில், ஊசி போட்டால் மயக்கம் வருவது எளிது. தேர்வுக் காலத்தில் நீங்கள் எல்லாருமே அந்த நிலையில்தான் இருக்கிறீர்கள்.

இனி நடுக்கம். அட்ரினலினால் வரும் நடுக்கத்தைக் காபி இன்னும் கூட்டும்; தூக்கமின்மையும் வெறும் வயிறும் அதோடு சேர்ந்துகொள்ளும். நம் ஊர் ஃபில்டர் காபியை விடச் சொல்ல எனக்கும் தயக்கம்தான். ஆனால் குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், காலையில் ஒன்று, மிஞ்சினால் பகல் பதினொரு மணிக்கு ஒன்று என்று நிறுத்திக்கொள்ளுங்கள். திடீரென்று அடியோடு நிறுத்தினால் தலைவலி வரும், சில நாட்களில் படிப்படியாகக் குறையுங்கள். தேர்வு நாளன்று இரண்டு இட்லியாவது சாப்பிடாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். ஊசி போடும்போது கையை அந்தரத்தில் வைக்காமல், சுண்டு விரலையோ உள்ளங்கையின் அடிப்பாகத்தையோ நோயாளியின் உடம்பில் மெல்ல ஊன்றிக்கொண்டால் நடுக்கம் ஊசி முனை வரை போகாது. ஊசியை நேராக இறக்க உதவும் வழிகாட்டும் குழலைத் தேர்வில் அனுமதிக்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். கைகழுவும் அரை நிமிடத்தை மூச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருக்கும்படி நான்கைந்து மூச்சு போதும். எப்படியும் கை கழுவித்தான் ஆக வேண்டும் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது.

இத்தனைக்கும் முன்பாக நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை, அழுகை ஆகிய நான்கும் சேர்ந்திருக்கும்போது எல்லாவற்றையும் தேர்வின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படம்தான்; இரத்தசோகையிலும் படபடப்பு வரும். நம் பெண்களிடையே இரண்டுமே அரிதல்ல. தைராய்டுக்கான டி.எஸ்.எச்., இரத்தசோகைக்கான ஹீமோகுளோபின் இரண்டையும் இந்த வாரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள். உடல் எடை குறைந்திருந்தாலோ மாதவிடாய்ப் போக்கு அதிகமாக இருந்தாலோ மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

தோழி சொன்ன மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் வேண்டாம் என்பதே என் பதில். நடுக்கத்துக்கென்று கைமாறும் மாத்திரைகளில் ப்ரோப்ரனலால் ஒன்று. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும். பதற்றத்துக்கென்று கைமாறும் அல்ப்ரசோலம், தூக்கக் கலக்கத்தையும் நினைவுத் தடுமாற்றத்தையும் தரும்; தேர்வு நாளுக்கு அதைவிடப் பொருந்தாத மருந்து இல்லை. மருத்துவர் பார்த்துக் கொடுக்கிற சூழ்நிலைகள் இருக்கின்றன, ஆனால் தோழியின் கைப்பையிலிருந்து எடுத்துக்கொள்ளும் மருந்து எதுவும் அதில் சேராது. தேர்வு நாளன்று தன் உடம்பில் ஊசி போட்டுக்கொள்ளும் யோசனையையும் விட்டுவிடுங்கள். உங்கள் முறையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நடுங்கும் கையால், வெறும் வயிற்றோடு, தன் உடம்பிலேயே குத்திக்கொள்வது மயக்கத்துக்கு வழி. அதனால் பயன் இருக்கும் என்று நீங்கள் நம்பினால், இப்போதே உங்கள் ஆசிரியரிடம் முறையாகச் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவு இரண்டு மணி விழிப்புக்கு வருகிறேன். அந்த நேரத்தில் எழுந்து விளக்கைப் போட்டுப் படிக்க வேண்டும் என்று தோன்றும், செய்யாதீர்கள். பகலில் படித்தது நினைவில் நிலைபெறுவது தூக்கத்தில்தான், அந்த நேரத்தைப் புத்தகத்துக்குக் கொடுத்தால் முந்தைய பகலின் உழைப்பில் ஒரு பங்கும் வீணாகிறது. இருபது நிமிடத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில், பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு வேலையைச் செய்துவிட்டுத் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மறுபடி படுங்கள். கைபேசியை வேறு அறையில் வைப்பது நல்லது. மனத்தில் சுழலும் எண்ணங்களை மாலையிலேயே பத்து நிமிடம் ஒரு தாளில் கொட்டிவிடலாம். ராமிரெஸ், பைலாக் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயங்களை எழுதிய மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். அதிலும் தேர்வுப் பயம் மிகுந்தவர்களுக்கே பயன் அதிகம். ஆகவே எழுத்துத் தேர்வன்று கல்லூரி வாசலில் கடைசி நிமிடம் வரை ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்ளும் கூட்டத்திலிருந்து சற்று விலகி நின்று எழுதிப் பாருங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை. "மறுபடி மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்பதை அப்படியே எழுதினால் போதும்.

உங்கள் கணவர் சொன்ன சொல் எனக்கும் வருத்தம் தந்தது. ஆனால் அவரிடம் ஊக்கத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஆறு வாரமும் அதிலேயே போய்விடும். அதற்குப் பதில் திட்டமான உதவியைக் கேளுங்கள். "ஆறு வாரத்துக்கு இரவுச் சாப்பாடு உங்கள் பொறுப்பு, மாலை ஏழிலிருந்து எட்டரை வரை என்னைக் கூப்பிடக் கூடாது" என்று தேதி போட்டுச் சொன்னால், தத்துவம் பேசுகிற பல கணவர்கள் வேலை செய்ய இறங்கிவிடுவார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் நேரமே கிடைக்காவிட்டால் வாரத்தில் ஒருமுறை அரை நாள் வெளியே போய்ப் படியுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே இருக்கிறது. வில்லிவாக்கத்திலிருந்து தூரம்தான் என்றாலும், அங்கே பரீட்சைக்குப் படிக்கிற மற்றவர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பதே ஒரு துணை.

இத்தனையும் செய்து இரண்டு வாரம் கழித்தும் தூக்கம் திரும்பாவிட்டால், அல்லது எதிலும் ஆர்வமில்லாமல் போய் "நான் இருந்து என்ன பயன்" என்கிற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட, இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். ஸ்டான்லி, ராஜீவ் காந்தி, கீழ்ப்பாக்கம் ஆகிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயரை நம் ஊரில் வசைச் சொல்லாகவே பயன்படுத்திப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்துக்கு அஞ்சி எத்தனையோ பேர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு அவதிப்பட்டதைப் பார்த்தவன் என்ற முறையில், நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் எனும் அரசு மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

தேர்வைத் தள்ளிப்போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை; கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டிருக்கலாம். இன்றைக்கு முடிவெடுக்க வேண்டாம். நான்காவது வாரத்தின் முடிவில், தோழிகளோடு நீங்களே நடத்தும் ஒத்திகையில் எப்படி இருக்கிறீர்கள் என்று பார்த்து முடிவெடுங்கள். அதற்குள் கல்லூரி அலுவலகத்தில் மறுதேர்வுக்கான விதிகள் என்ன, ஒரு பகுதியில் மட்டும் தவறினால் அந்தப் பகுதியை மட்டும் எழுதலாமா, அடுத்த வாய்ப்பு எப்போது, கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.